'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' படத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு சினிமா?

கேட்டவர் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' படத்தை இப்போதுதான் பார்த்திருக்கிறார். எஃப்.பி.ஐ. அனுப்பிய கடிதம், டெட்ராய்ட் மேடையில் போலீஸ் பாய்வது, மேனேஜர் பணத்தை அமுக்குவது எல்லாம் நடந்த சம்பவங்களா, இல்லை படத்துக்காக ஊதிப் பெருக்கியவையா என்பது கேள்வி. ஐஸ் கியூபாக நடித்தவர் அவருடைய சொந்த மகனா, நடிகர்கள் தங்கள் குரலில்தான் பாடினார்களா என்று வால் கேள்வி ஒன்றும் இருக்கிறது. 'நிஜமா' என்று கேட்டாலும், இந்தப் படத்தை நம்பி, அது காட்டும் காம்ப்டன் ஊர் ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.வின் வரலாற்றை நான்கு பேரிடம் சொல்லலாமா என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். காட்டியிருப்பதில் பெரும்பகுதியைச் சொல்லலாம். சம்பவங்கள் நடந்தவை, இடமும் வரிசையும்தான் மாறியிருக்கின்றன. ஆனால் காட்டாமல் விட்டது நிறைய, அதுவும் தற்செயலாக விட்டுப்போனது அல்ல.

முதலில் படத்தின் தயாரிப்பாளர் பட்டியலைப் பாருங்கள். குழுவின் ஐஸ் கியூப், டாக்டர் டிரே, மறைந்த உறுப்பினர் ஈஸி-ஈயின் மனைவி டோமிகா உட்ஸ்-ரைட் மூவரும் அதில் இருக்கிறார்கள். இயக்குநர் எஃப். கேரி கிரே ஐஸ் கியூபின் பழைய கூட்டாளி. 1995இல் வந்த 'ஃபிரைடே' படத்தை இயக்கியவர். குழுவில் இருந்த எம்.சி. ரென், டி.ஜே. யெல்லா, அரேபியன் பிரின்ஸ் மூவரும் தயாரிப்பாளர்கள் அல்ல. இந்த இரண்டு வரிசையையும் மனதில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி ஓட்டுங்கள். யாருக்குக் கண்ணீர்க் காட்சி கிடைத்தது, யார் பின்னால் நின்று தலையாட்டுகிறார்கள், யார் ஆளையே காணோம் என்பது சட்டென்று பிடிபடும்.

இப்படி அமைந்ததற்குச் சட்டத்தில் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் பிரபலமான ஒருவரின் வாழ்க்கையைப் படமாக்க அவருடைய அனுமதி தேவையில்லை; பேச்சுரிமைச் சட்டம் காப்பாற்றும். ஆனால் அவருடைய பாட்டைப் படத்தில் சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும். பாட்டை எழுதி அமைத்தவர்களின் உரிமை ஒன்று, ஸ்டூடியோவில் பதிவான ஒலிநாடாவின் உரிமை இன்னொன்று. இரண்டும் வேறுவேறு கைகளில் இருக்கும். எந்தக் கை மறுத்தாலும் பாட்டு கிடையாது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பற்றி 2013இல் ஒரு படம் எடுத்தார்கள். அவருடைய சொத்தை நிர்வகிப்பவர்கள் பாட்டுகளைத் தர மறுத்ததால், அவர் சொந்தமாக எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லாமல் படம் வெளிவந்தது. ராப் குழுவைப் பற்றிய படத்தில் அவர்களுடைய ராப்பே இல்லை என்றால் அது தாளிப்பு இல்லாத சாம்பார்தான். ஆகவே உரிமை வைத்திருப்பவர்களைக் கூட்டாளியாகச் சேர்ப்பது வழக்கம். அப்படிச் சேர்ந்தவர் தன்னைப் பற்றிய காட்சியைத் தானே பார்த்து ஒப்புக்கொள்ளும் இடத்துக்கும் வந்துவிடுகிறார்.

இனி காட்சிகளுக்கு வருகிறேன். தொடக்கத்தில் ஒரு வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு கவச வாகனம் உள்ளே நுழைகிறதே, அப்படி ஒரு வாகனம் உண்மையிலேயே இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 1985இல் அதை இறக்கியது. முன்னால் நீளமான இரும்புக் கம்பம், அதன் முனையில் தட்டு. போதைப்பொருள் விற்கும் வீடுகளில் இரும்புக் கதவும் கம்பிகளும் போட்டிருந்தார்கள். அவற்றை அறுத்து உள்ளே போவதற்குள் சரக்கு கழிப்பறைக்குள் போய்விடும் என்பதால் சுவரையே இடிப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த வாகனத்தைத் திட்டி அதே 1985இல் காம்ப்டனைச் சேர்ந்த டாடி டீ ஒரு ராப் பாட்டே போட்டார். பிறகு விவகாரம் நீதிமன்றம் போய், நீதிபதியின் முன் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. படம் அந்தக் காட்சிக்குப் போட்டிருக்கும் ஆண்டு 1986, அதனால் காலக்கணக்கு சரி. இடம் கொஞ்சம் இடிக்கிறது. காம்ப்டன், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய தனி நகராட்சி. 2000ஆம் ஆண்டு வரை அதற்குச் சொந்தப் போலீஸ் துறை இருந்தது. படத்தில் இந்த எல்லைக்கோடு கரைந்து, எல்லாப் போலீசும் ஒரே போலீசாகத் தெரிகிறது. அங்கே வளர்ந்த ஒரு பையனின் கண்ணில் அப்படித்தான் தெரிந்திருக்கும் என்பதால் இதைப் பெரிய குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

'பாய்ஸ்-இன்-தி-ஹுட்' பாட்டு பதிவாகும் காட்சிதான் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. அனேகமாக நடந்தபடியே இருக்கிறது. ஐஸ் கியூப் எழுதிக் கொடுத்த வரிகளை நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு குழு 'இது எங்கள் ஊர்ப் பேச்சே இல்லை' என்று தள்ளிவிட்டுப் போய்விட்டது. ஸ்டூடியோ வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் போட்ட ஈஸி-ஈயையே மைக் முன்னால் நிற்கவைக்கிறார் டிரே. ஈஸி அதற்கு முன் ராப் பாடியவரே இல்லை. தாளம் நிற்கவில்லை, தொடங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ விழுகிறார். அதற்கு டிரே கையாண்ட வழியை ஸ்டூடியோவில் 'பஞ்ச்-இன்' என்பார்கள். பாட்டை முழுதாகப் பாடவைக்காமல் ஒரு வரி, சில நேரம் அரை வரி பாடவைப்பது. பிடித்திருந்தால் அதை வைத்துக்கொண்டு, நாடாவைச் சற்றுப் பின்னால் ஓட்டி, முந்தைய வரி முடிந்து மூச்சு விடும் இடைவெளியில் சரியாக ரெக்கார்ட் பொத்தானை அழுத்துவது. கணினி இல்லாத காலம். பொத்தான் இமைப்பொழுது முந்தினால் முந்தைய வரியின் கடைசி எழுத்து அழிந்துவிடும், பிந்தினால் புது வரியின் முதல் எழுத்து போய்விடும். பாடுபவர் மைக்கிலிருந்து அரை அடி நகர்ந்திருந்தால் இரண்டு வரிக்கும் குரலின் கனம் மாறி ஒட்டுப்போட்டது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனியாக வெட்டி வைத்தது போல, கொஞ்சம் விறைப்பாக, குழந்தை சொல்லிக் காட்டுவது போல வரும். ஈஸி-ஈயின் முத்திரை என்று பிறகு உலகம் கொண்டாடிய அந்தப் பேச்சுத் தொனி, பாடத் தெரியாதவரை வரி வரியாகப் பாடவைத்ததில் பிறந்தது.

போலீசைக் கெட்ட வார்த்தையில் திட்டும் அந்தப் பிரபலப் பாட்டு பிறந்த கதையில் படம் கை வைத்திருக்கிறது. டோரன்ஸ் ஊரில் இருந்த ஆடியோ அச்சீவ்மென்ட்ஸ் ஸ்டூடியோ வாசலில் போலீஸ் குழுவை மடக்கிக் கீழே படுக்கவைக்கிறது. அவமானத்தோடு உள்ளே போன கியூப் அப்போதே வரிகளைத் தீட்டுகிறார். திரையில் அருமையான இடம். ஆனால் அந்தப் பாட்டு இருக்கும், படத்தின் பெயரே கொண்ட 1988 ஆல்பம் அந்த ஸ்டூடியோவில் பதிவானது என்பது மட்டும்தான் அப்படியே நிஜம். கியூப் அந்த வரிகளை முன்பே எழுதிவைத்திருந்தார், டிரே முதலில் ஆர்வம் காட்டவில்லை என்றுதான் பின்னாளைய பேட்டிகளில் வருகிறது. பல வருடங்களில் பலமுறை நடந்த மறித்தலையும் சோதனையையும் ஒரே சாயங்காலத்தில் அடைத்திருக்கிறார்கள். இது எல்லா வாழ்க்கைப் படங்களும் செய்வது. இதில் இழந்தது ஒன்றுதான். அந்தப் பாட்டு வெறும் கோபத்தில் கொட்டியது அல்ல, யோசித்துக் கட்டியது. நீதிமன்ற நாடகமாக அமைத்திருப்பார்கள். டிரே நீதிபதி, ரென்னும் கியூபும் ஈஸியும் ஒவ்வொருவராகக் கூண்டேறிச் சாட்சி சொல்வார்கள், முடிவில் போலீஸ்காரர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு வரும். அந்த நையாண்டி படத்தில் எடுபடவில்லை.

எஃப்.பி.ஐ. கடிதம் நூற்றுக்கு நூறு நிஜம். தேதி 1989 ஆகஸ்ட் 1. எழுதியவர் எஃப்.பி.ஐ.யின் உதவி இயக்குநர்களில் ஒருவரான மில்ட் ஆலெரிக். அனுப்பியது குழுவுக்கு அல்ல, ஆல்பத்தை விநியோகித்த பிரையாரிட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்கு. முந்தைய ஆண்டில் 78 போலீஸ்காரர்கள் பணியில் கொல்லப்பட்டதைச் சொல்லி, இப்படிப்பட்ட பாட்டுகள் காவலர்களை இழிவுபடுத்துகின்றன, காவல்துறை முழுவதும் இப்படித்தான் நினைக்கிறது என்று எழுதியிருந்தார். கவனித்துப் படித்தால் கடிதத்தில் உத்தரவு கிடையாது, தடை கிடையாது, வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலும் கிடையாது. பாட்டின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அரசின் புலனாய்வு அமைப்பு தன் லெட்டர்பேடில் ஒரு பாட்டைப் பற்றிக் 'கருத்து' சொன்னதே விவகாரம். அப்படிச் சொல்வது பேச்சுரிமையை மிரட்டுவதாகாதா என்று எதிர்ப்பு கிளம்பியது. நாடெங்கும் போலீஸ் நிலையங்களுக்கிடையே பாட்டுவரிகள் ஃபேக்ஸில் பறந்தன. கச்சேரிகளுக்குப் பாதுகாப்புத் தர மாட்டோம் என்று ஊர் ஊராகப் போலீஸ் முரண்டு பிடித்தது. கடிதத்தால் ஆல்பம் விற்றது என்று ஒரு கதை ஓடுகிறது. ஆனால் ஆல்பம் பிளாட்டினம் ஆனது 1989 ஜூலையில், அதாவது கடிதத்துக்கு முன்பே. வானொலியில் ஏறக்குறைய ஒலிக்காமல், எம்டிவி அதன் வீடியோவை ஒதுக்கிவைத்த நிலையில், பத்து லட்சம் பிரதி போயிருந்தது. கடிதம் வந்தது எரிகிற அடுப்பில் எண்ணெய்.

டெட்ராய்ட் கச்சேரி கடிதத்துக்கு ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 6 அன்று ஜோ லூயிஸ் அரங்கில் நடந்தது. அந்தப் பாட்டைப் பாடக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்தது, குழு பாடத் தொடங்கியது, மஃப்டியில் இருந்த போலீஸ் மேடையை நோக்கிப் பாய்ந்தது, வெடிச் சத்தம் போல ஏதோ கேட்டது, குழு மேடையை விட்டு ஓடியது. இதுவரை நடந்ததுதான். பிறகு வெளியே கைவிலங்கு, வேனில் ஏற்றுவது, ரசிகர்கள் போலீஸ் மீது பாட்டில் வீசுவது என்று படம் விரிக்கிறதே, அது சினிமா. நிஜத்தில் போலீஸ் அவர்களை ஹோட்டலில் பிடித்து, கொஞ்ச நேரம் விசாரித்து விட்டுவிட்டது, வழக்கே இல்லை. கேட்டவர் முதலில் சந்தேகப்பட்டது இந்தக் காட்சியைத்தான். சந்தேகம் சரி. இயக்குநர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 'பாடினார்கள், ஓடினார்கள், ஹோட்டலில் கால் மணி நேரம் பேச்சு, தூங்கப் போனார்கள்' என்று எடுத்தால் 147 நிமிடப் படத்தின் நடுப்பகுதி படுத்துவிடும்.

பண விவகாரத்துக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். மேனேஜர் ஜெர்ரி ஹெல்லர் சிங்கி இறால் விருந்து சாப்பிட்டுக்கொண்டே பையன்களை ஏமாற்றுவதாகப் படம் காட்டுகிறது. கியூப் அந்தக் காலத்தில் பத்திரிகைகளிடம் சொன்ன கணக்கு இது: சுற்றுப்பயணத்தில் மொத்த வசூல் சுமார் 6,50,000 டாலர், ஹெல்லருக்கு 1,30,000, தனக்கு 23,000. கேட்டதும் பகல் கொள்ளையாகத் தோன்றும். வகுத்துப் பாருங்கள், 1,30,000 என்பது 6,50,000இல் சரியாக 20 சதவீதம். இசை மேனேஜர்கள் வாங்கும் கமிஷன் 15இலிருந்து 20 வரை, அதுவும் பெரும்பாலும் மொத்த வசூலின் மேல். போக்குவரத்து, ஹோட்டல், ஒலி-ஒளி வாடகை, காப்பீடு எல்லாம் மிச்சத்தில் கழியும். அதற்கப்புறம் எஞ்சுவதைத்தான் மேடையேறியவர்கள் பங்கிட வேண்டும். ஆக ஹெல்லரின் விகிதம் ஊர் வழக்கத்தை மீறியது அல்ல. அந்த வழக்கமே கலைஞனுக்குக் கடைசி இலை போடுகிற வழக்கம். உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது. குழுவின் மேனேஜரும் ஹெல்லர். குழுவை ஒப்பந்தம் செய்திருந்த ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸை ஈஸியோடு சேர்ந்து நடத்தியவரும் ஹெல்லர். நிறுவனத்திடம் கலைஞனுக்காகச் சண்டை போட வேண்டியவரே நிறுவனத்தின் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார். ஈஸியும் அப்படித்தான், குழுவில் ஒருவர், அதே சமயம் முதலாளி. பாட்டுகளில் பாதியை எழுதிய கியூபுக்கு ஒரு வாசல் வருமானம், ஈஸிக்கு மூன்று வாசல். 75,000 டாலர் காசோலையை மேசையில் வைத்து 'கையெழுத்துப் போடு' என்று சொல்லும் காட்சியின் சாரம் இதுதான். வக்கீல் பார்க்காமல் போட மாட்டேன் என்று கியூப் எழுந்து போனதை அந்த வயதுக்கு அபூர்வமான நிதானம் என்பேன். ஹெல்லர் திட்டமிட்டுத் திருடினாரா என்பது வேறு கேள்வி. 'ஆம்' என்று கியூபும் டிரேயும் சொன்னார்கள். ஹெல்லர் சாகும்வரை மறுத்தார். 2006இல் தன் தரப்பைப் புத்தகமாகவும் எழுதினார்.

படம் வந்த இரண்டே மாதத்தில், 2015 அக்டோபரில், ஹெல்லர் 110 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தன் பெயரைக் கெடுத்தார்கள், தன் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள் என்பது புகார். 2016 ஜூனில் நீதிபதி பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார். செப்டம்பரில் ஹெல்லர் காலமானார். வழக்கு தள்ளுபடியானதால் படம் சொன்னது நிஜம் என்று நிரூபணமாகிவிட்டது என யாராவது வாதாடினால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் பொதுமனிதர் ஒருவர் அவதூறு வழக்கில் ஜெயிக்க, சொன்னது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. பொய் என்று தெரிந்தே, அல்லது உண்மையா என்று கவலையே படாமல் சொன்னார்கள் என்றும் காட்ட வேண்டும். அது ஏறமுடியாத மலை. இறந்தவருக்கோ அங்கே அவதூறு வழக்கே கிடையாது. ஈஸி-ஈ எப்படி வேண்டுமானாலும் திரையில் வரலாம் என்பதன் பொருள் அதுதான்.

ஈஸியின் விஷயத்தில் படம் பாதி இனிப்பு, பாதி கசப்பு. டிரேயோடு சேர்ந்து புது நிறுவனம் தொடங்கிய சூஜ் நைட்டின் ஆட்கள் அவரை அடித்துத் துவைப்பதாக வருகிறது. ஈஸி தன் வழக்கில் சொன்னது, பேஸ்பால் மட்டையும் இரும்புக் குழாயும் வைத்து மிரட்டி, டிரேயை ரூத்லெஸிலிருந்து விடுவிக்கக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது. டிரே போன பிறகு ஈஸி நொடித்துப்போய்ப் பெரிய வீட்டை விடுவது போலவும் காட்டுகிறார்கள். ஆனால் டிரேயைத் தாக்கி 1993இல் அவர் போட்ட சிறிய ஆல்பம் பிளாட்டினத்தைத் தாண்டி விற்றது. அவர் அறிமுகப்படுத்திய போன் தக்ஸ்-என்-ஹார்மனி குழு 1994இல் பெரிய வெற்றி. மனிதர் கடைசிவரை வியாபாரிதான். வசதிக்காகப் படம் விட்டுவிட்ட இரண்டு சங்கதிகளைச் சொன்னால் இன்னும் சுவாரசியம்: 1991 மார்ச்சில் அவர் அதிபர் ஜார்ஜ் புஷ் பேசிய குடியரசுக் கட்சி விருந்துக்குப் போய் உட்கார்ந்தார். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் அடித்த வழக்கு 1993இல் மறுபடி நடந்தபோது குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களில் ஒருவருக்கு ஆதரவாக நீதிமன்றத்துக்கும் வந்தார். போலீசைத் திட்டிய பாட்டின் முதலாளி! இந்த முரண் ஒன்றை வைத்தே தனிப்படம் எடுக்கலாம். கடைசி மாதம் மட்டும் படத்தில் ஏறக்குறைய சரி. எய்ட்ஸ் என்று அவர் வெளிப்படையாக அறிவித்தது 1995 மார்ச் 16. இறந்தது மார்ச் 26. இடையில் பத்து நாள். டோமிகாவைத் திருமணம் செய்துகொண்டதும் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்புதான். ஆஸ்பத்திரி அறையில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்ற வசனங்கள் எழுத்தாளர்களுடையவை. அங்கே நாடா ஓடவில்லை.

காட்டாமல் விட்டது என்று மேலே சொன்னதற்கு இப்போது வருகிறேன். 1991 ஜனவரி 27 அன்று ஹாலிவுட்டில் ஒரு விருந்தில் டாக்டர் டிரே, டீ பார்ன்ஸ் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரைக் கடுமையாகத் தாக்கினார். பார்ன்ஸ் நடத்திய ராப் நிகழ்ச்சியில் என்.டபிள்யூ.ஏ. பேட்டியோடு, விலகிப்போன கியூப் அவர்களைக் கிண்டலடிக்கும் துண்டையும் சேர்த்து ஒளிபரப்பியதுதான் கோபத்துக்குக் காரணம். டிரே குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் சமூகசேவையும் தண்டனையாகக் கிடைத்தன. இது வதந்தி அல்ல, நீதிமன்றப் பதிவு. படத்தில் ஒரு நொடிகூட இல்லை. திரைக்கதையின் பழைய வரைவு ஒன்றில் அந்தச் சம்பவம் இருந்ததாக லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. படம் வெளியான வாரத்தில் பார்ன்ஸ் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, அந்த நிகழ்ச்சியில் அன்று கேமரா பிடித்தவரே இன்றைய இயக்குநர் எஃப். கேரி கிரேதான் என்று போட்டு உடைத்தார். தெரியாமல் விடுபட்டது என்ற சமாதானத்துக்கு அதோடு இடமில்லாமல் போனது. டிரேயின் முன்னாள் துணை, பாடகி மிஷெல்லேயும் தான் அடிவாங்கியதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரும் படத்தில் இல்லை. அவர் பார்வையில் ஒரு தொலைக்காட்சிப் படம் 2016இல் தனியாக வந்தது. 2015 ஆகஸ்ட் 21 அன்று டிரே, தான் காயப்படுத்திய பெண்களிடம் நியூயார்க் டைம்ஸ் வழியே மன்னிப்புக் கேட்டார். படம் அதற்குள் அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 60 மில்லியன் டாலர் வசூலித்து முடித்திருந்தது.

பெண்கள் படத்தில் யாராக வருகிறார்கள் என்றும் பாருங்கள்: அம்மா, மனைவி, ஹோட்டல் அறையில் அரைகுறை உடையில் கூட்டம். அறையிலிருந்து ஒரு பெண்ணை வெளியே தள்ளிவிட்டு 'ஃபிரைடே' படத்து ஜோக்கைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், தியேட்டரும் சிரித்தது. துணை நடிகைகளுக்கு 2014இல் போன அழைப்பில் பெண்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, கருத்த நிறத்தை அடித்தட்டு 'டி'யில் வைத்திருந்தார்கள். விவகாரம் வெடித்து ஆள்சேர்ப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இன்னொரு கணக்கும் உண்டு. ரூத்லெஸ் நிறுவனத்துக்கு முதன்முதலில் நாடளாவிய ஹிட் கொடுத்தது என்.டபிள்யூ.ஏ. அல்ல. ஜே.ஜே. ஃபேட் என்ற பெண்கள் குழுவின் 1988ஆம் ஆண்டு நடனப் பாட்டு 'சூப்பர்சானிக்'. அதில் வேலை செய்த அரேபியன் பிரின்ஸ் என்.டபிள்யூ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தப் பெண்களும் காணோம், அவருக்கும் சொல்லும்படி இடமில்லை. டிரெய்லரில்கூடத் தன்னை விட்டுவிட்டார்கள் என்று எம்.சி. ரென் 2015இல் ட்விட்டரில் கொதித்தார். நியாயமான கொதிப்பு. கியூப் போன பிறகு குழு 1991இல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் ரென்னின் பங்கு பெரியது. அந்தக் காலத்தில் கியூபின் கதை வேறு ஊரில் ஓடிக்கொண்டிருந்ததால் படம் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இனி வால் கேள்வி. ஐஸ் கியூபாக வருபவர் அவருடைய மூத்த மகன் ஓஷே ஜாக்சன் ஜூனியரேதான். முகஜாடை இருந்தும் உடனே கொடுத்துவிடவில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம் தேர்வும் பயிற்சியுமாக அலையவிட்டார்கள். ஈஸி-ஈயாக ஜேசன் மிட்செல், டிரேயாக கோரி ஹாக்கின்ஸ். டபிள்யூ.சி. என்ற மேற்குக்கரை ராப்பர் அவர்களுக்கு வாத்தியாராக இருந்து, அந்த 1988 ஆல்பத்தை முழுவதும் அவர்கள் குரலிலேயே ஸ்டூடியோவில் மறுபடி பதிவுசெய்ய வைத்தார். மேடைக் காட்சிகளில் வாயசைப்பு அந்நியமாகத் தெரியாததற்கு அந்தப் பயிற்சிதான் காரணம். எந்தச் சொல்லில் மூச்சு வாங்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மறுபடி பார்ப்பதாக இருந்தால் 167 நிமிட நீள்வடிவம் கிடைக்கிறதா பாருங்கள், ஆனால் மேலே சொன்ன ஓட்டைகள் அதிலும் அடைபடவில்லை. அப்படியே கியூபின் தலையையும் கவனியுங்கள். ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தொப்பி சரி, அந்த அணி 1982 முதல் 1994 வரை லாஸ் ஏஞ்சலஸில்தான் இருந்தது. எண்பதுகளில் நடக்கும் காட்சியிலேயே தலைகாட்டும் சிகாகோ பேஸ்பால் அணியான ஒயிட் சாக்ஸின் கறுப்பு-வெள்ளைத் தொப்பி மட்டும் தவறு. அந்தச் சின்னம் 1990 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது.